ஏற்றத்தில் சிக்கிய ஜீனத்

“மிஸ், ஜீனத் அங்க மாட்டிண்டுட்டா!”

மாணவி ஒருத்தி கத்தியபோது நான் கடல் சாமந்தி ஒன்றை ஃபார்மலின் பாட்டிலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கடலுக்குள் தள்ளி இருந்த ஒரு பாறை மேல் ஜீனத் பக்கெட்டோடு நின்றாள். காலையில் நாங்கள் நடந்து கடந்த பள்ளத்தில் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடல் ஏற்றம் ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் சயான் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் இருந்த சிறிய ஆராய்ச்சி நிலையத்துக்கு மாணவிகளை அழைத்துப் போனது அதுதான் முதல் தடவை. எங்கள் துறைத் தலைவரும் என்னைப்போல் மாட்டுங்காக்காரர். கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: “ஏதாவது ஆச்சுன்னா இதோட லேடீஸுக்கு ஃபீல்டு டிரிப் கிடையாது. பாத்துக்கோ.”

அவர் முகம் அப்போது ஞாபகம் வரவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்து என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. பின்னாலிருந்து யாரோ என் முழங்கையைப் பிடித்துக் கரைக்குத் திருப்பினார்கள். பாறையில் சிப்பி கொத்திக்கொண்டிருந்த கோளி மீனவப் பெண். மராட்டியில் நன்றாகத் திட்டினாள். பிறகு, கயிறு இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. கடலின் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பிளாங்க்டன் வலையை இழுக்கும் நீளக் கயிறு. ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டிக்கொண்டாள். மறு முனையை நானும் மாணவிகளும் பிடித்துக்கொண்டோம். நீர் மார்பைத் தொட, தடுமாறாமல் அக்கரை போய்ச் சேர்ந்தாள். ஜீனத்தைக் கயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “காப்ரூ நகோ, காப்ரூ நகோ” என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தாள். பயப்படாதே என்று அர்த்தம். நாங்கள் இழுத்தோம். உள்ளங்கை எரிந்தது.

கரையேறிய ஜீனத்தின் கையில் அப்போதும் பக்கெட் இருந்தது.

“இத ஏண்டி விடல?”

“ஆக்டோபஸ் மிஸ். விட்டா மறுபடி கெடைக்காதுல்லா?” என்றாள், பல் கிட்டிக்க.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. அந்தக் கோளிப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

ரயிலில் ஜீனத் கெஞ்சினாள். “வாப்பாகிட்ட சொல்லாதிய மிஸ். காலேஜவே நிப்பாட்டிருவாவ.”

சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. தாராவியில் அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் பட்டறை. வாசலில் நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“பிள்ள முழுசா வந்து சேந்துட்டா. அல்லாவுக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “என்னத்துக்குட்டி அவ்வளவு தூரம் போன?”

“பேய்க்கணவாய் வாப்பா.” ஆக்டோபஸுக்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது.

அவர் முகம் மாறியது. “பம்பாய்லயும் கெடைக்கா அது? நாங்க கடக்கரைக்காரவ டீச்சரம்மா. சின்னதுல அதுக்குப் பின்னால நானும் போயி மாட்டியிருக்கேன். அடுத்த தடவ எப்பம் போறிய?”

எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் துறைத் தலைவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். கத்தினார். கடைசியில், “அவ அப்பாவே அனுப்பறேங்கறப்போ நான் யாரு தடுக்க? ஆனா கயிறு இல்லாம போப்படாது” என்றார்.

கயிறு மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு போன எல்லாப் பயணங்களிலும் ஒருவர் கையில் மட்டும் பாட்டிலோ இடுக்கியோ கொடுப்பதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. முறைவைத்துச் செய்வோம். போரடிக்கிறது என்று முணுமுணுக்காத மாணவி கிடையாது. இப்போது கடலோரத்தில் உயிரின மாதிரிகள் சேகரிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன்: எல்லோரும் குனிந்து தேடுகிற இடத்தில், ஒருவராவது நிமிர்ந்து நிற்க வேண்டும்.