சித்தப்பா ஊற்றிய பினாயில்

பினாயில் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் என் சித்தப்பா. மனிதருக்கு வயதாகிவிட்டது, போகட்டும் என்று விடப் பார்க்கிறேன். முடியவில்லை.

திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வாழைத் தோட்டம். இது நடப்பதற்கு முந்தைய வருடம் வாடல் நோய் வந்து, குலை தள்ளுகிற நேரத்தில் பாதி மரம் மஞ்சளாகிச் செத்தது. "இந்தத் தடவையும் போச்சுன்னா பிளாட் போடக் குடுத்துடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா விவசாயப் பயிற்சி ஒன்றுக்குப் போய், ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். அதில் இருந்தது விரிடி என்கிற நல்ல பூஞ்சை. வாழை வேரைப் பிடிக்கிற கெட்ட பூஞ்சையை அது மண்ணுக்குள்ளேயே அடக்கிவிடுமாம்.

மக்கிய சாணத்தில் அதைக் கலந்து, கொல்லை நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடினாள். வெல்லத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. முதலில் வெள்ளையாகப் பூத்தது, அப்புறம் பச்சையானது. "உசிரு வந்துடுச்சுடி!" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்குக் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். தொழிற்சாலையில் சுத்தத்துக்குப் பரிசு வாங்கியவர். அந்தத் திமிரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அது மாசி மாதம். சமயபுரத்து ஆத்தா பக்தர்களுக்காகப் பட்டினி விரதம் இருக்கிற காலம், ஊரே வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தது. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சித்தப்பா பினாயில் பாட்டிலோடு கொல்லைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினார்.

"சீ! பூசணம் பூத்துக் கெடக்கு. விரத நேரத்துல வீட்டுல வெச்சுக்கிற வஸ்துவா இது?"

"சித்தப்பா, அது அம்மாவோடது, ஊத்தாதீங்க!" என்று அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"உங்கம்மாவுக்கு என்ன தெரியும்? தள்ளு."

பாட்டிலைக் கவிழ்த்தேவிட்டார். பாவி மனுஷன்!

அம்மா வந்தால் வீடு இரண்டுபடும் என்று காத்திருந்தேன். அவள் வந்தாள், குவியலைப் பார்த்தாள். "சாப்பிட வாங்க தம்பி" என்றாள். இன்னொரு கரண்டி ரசமும் ஊற்றினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இந்த அம்மாவுக்கு ரோஷமே கிடையாதா?

அவர் கிளம்பிப் போனதும் அம்மா குவியலின் ஓரத்தைக் கிளறி, பினாயில் எட்டாத இடத்திலிருந்து பச்சையாக ஒரு கை அள்ளினாள். வேறு சாணத்தில் கலந்து வாய் அகன்ற பானையில் போட்டாள். பானையின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகினாள். "ஆத்தா, கோவிச்சுக்காத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா பாட்டிலும் கையுமாகக் கொல்லைக்கு வந்தார். மஞ்சள் துணியைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். நான் வெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "ஆத்தாவுக்குப் பானகமா? நல்லா தெளி, நல்லா தெளி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பானையிலிருந்து பெருக்கியதுதான் தோட்டம் முழுக்கப் போனது. ஒன்றிரண்டு போக வாழை அத்தனையும் நின்றது. பிளாட் பேச்சை அப்பா மறந்தே போனார். வெட்டிய முதல் வாழைத்தாரை ஸ்கூட்டரில் கட்டியபடி சித்தப்பா சொன்னார்: "அன்னைக்கு எடத்தைச் சுத்தம் பண்ணினேன், ஆத்தா தானா வந்து உக்காந்துட்டா. பாத்தீங்களா அண்ணி?"

"ஆமாங்க தம்பி" என்றாள் அம்மா.

அந்த 'ஆமாங்க'வுக்காக நான் பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். 'இது என்னுடையது, தொடாதீர்கள்' என்று அவள் சொன்னால் கேட்க அந்த வீட்டில் ஒருவருமே இல்லை. அதைச் சொல்லக்கூட அவளுக்குச் சமயபுரத்திலிருந்து ஆத்தா வர வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.