நான் மாற்றி வாசித்த கடிதம்

சபையின் சகோதர சகோதரிகளே, நான் இதற்கு முன்பும் ஒருமுறை உங்கள் முன் எழும்பி நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன். பிளேஸ்டோவில் நாம் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிறு நாலு மணி ஆராதனையில். நீங்கள் கை தட்டினீர்கள். சில அம்மாமார் அழுதார்கள். அன்று நான் சொன்னது பொய். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சண்டைக்காலம், இடம்பெயர்வு, பிறகு எங்கே பள்ளிக்கூடம்? அம்மாவுக்கு அதுவும் இல்லை. லண்டன் வந்து இத்தனை வருடமாகியும் இருவருக்கும் ஆங்கிலம் வாசிக்க வராது. ஏழு வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன். கவுன்சில் கடிதம், டொக்டரின் கடிதம், பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றியே வந்த முறைப்பாட்டுக் கடிதம். எல்லாவற்றையும் வாசித்துத் தமிழில் சொல்வேன். அப்பா கேட்டுவிட்டு அந்தக் கடிதத்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போடுவார். குரோய்டனில் அகதி விசாரணைக்கு அலைந்த காலத்துப் பை அது. ஒரு தாளையும் எறிய மாட்டார்.

எங்கள் குடும்பத்தில் யூனிவர்சிட்டி போன முதல் ஆள் நான். போன முதல் வாரமே அமெரிக்கன் புட்போல் அணியில் சேர்ந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஹெல்மெட்டும் தோளில் பெரிய கவசமும் போட்டுக்கொண்டு மோதி விளையாடும் விளையாட்டு. பந்தோடு வருபவனை இடித்து விழுத்துவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன். வீட்டில் யாருக்காகவும் இல்லாமல் எனக்கென்று நான் செய்த முதல் காரியம் அதுதான்.

ஆட்டங்கள் ஞாயிறு மத்தியானம் நடக்கும். முடித்துக்கொண்டு சேறும் வியர்வையுமாக ஆராதனைக்கு ஓடி வருவேன். வாசலில் நிற்கும் ராஜன் அங்கிள் ஒவ்வொரு முறையும் கேட்பார், "தம்பி, ஹெல்மெட் கிடக்கு, மோட்டார் சைக்கிளை எங்க விட்டனீர்?"

இரண்டாம் வருட நவம்பரில் ஒரு மோதலில் தலையில் பலமாக அடிபட்டது. சில நிமிடங்கள் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. மூளை மருத்துவர் பார்க்கும் வரைக்கும் மோதி விளையாடவே கூடாது, இன்ன நாளில் கிளினிக்குக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது.

அடுத்த ஞாயிறு பெரிய ஆட்டம். அப்பா சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்தார். "என்னவாம் தம்பி?" என்றார்.

"எல்லாம் சரியாம் அப்பா. விளையாடலாமாம்."

அப்பா கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் போட்டார். அம்மா அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னார். ஆண்டவர் சுகம் தந்ததைச் சபையில் சொல்ல வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் நான் உங்கள் முன் நின்றேன். இல்லாத சுகத்துக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு தலையிடி வந்தாலும் யாரிடம் சொல்வது? சுகமானவன் என்று அறிவித்தாயிற்றே. கிளினிக் நாளன்று வீட்டிலிருந்து வெளிக்கிட்டு நேரே பயிற்சிக்குப் போனேன். எங்கள் அன்றைய கோச் மைதானத்தில் தலை சுற்றுபவர்களிடம் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? ஒவ்வொரு ஆட்டத்திலும் இவற்றின் விடைகளை முன்கூட்டியே மனதில் தயாராக வைத்திருப்பேன்.

பெப்ரவரியில் இரண்டாவது அடி. அது எனக்கு ஞாபகமில்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கட்டில் பக்கத்தில் இரண்டு அப்பாக்கள் அந்தப் பிளாஸ்டிக் பையோடு இருந்தார்கள். ஆஸ்பத்திரி என்றதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நம் ஆட்கள் அப்படித்தானே.

வார்டில் இருந்த டொக்டர் அம்மா தமிழ்நாட்டுக்காரர். பையைக் கிளறி அந்தக் கடிதத்தை எடுத்தார். "சார், இதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு யாராவது படிச்சுச் சொன்னாங்களா?"

"ஓம். மகன்தான் வாசிச்சவன். எல்லாம் சரியாம் எண்டு."

"இல்லைங்க. விளையாடவே கூடாதுன்னு போட்டிருக்கு. கிளினிக்குக்கும் வரச் சொல்லியிருக்காங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தை வாங்கினார், வழமைபோல் மடித்தார். "ஓம் அம்மா, நான் படிக்காதவன்தானே" என்று டொக்டரிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். என்னை அடித்திருக்கலாம்.

எட்டு மாதம் இருட்டறையில் கிடந்தேன். வெளிச்சம் பட்டால் தலை பிளக்கும். அப்பா ஜன்னலுக்குச் சமையல் ஃபொயில் ஒட்டினார். ஒரு வரிகூட வாசிக்க ஏலாது. வீட்டுக்கு வந்த கடிதங்களை அப்பா பையில் போட்டு, இரண்டு ரயில் மாறி, டூட்டிங்கில் இருக்கும் ஷாமினி மச்சாளிடம் கொண்டுபோய் வாசிப்பித்தார். நான் தேறிய பிறகும் அவரிடமே கொண்டு போனார்.

உங்களிலும் சிலர் வந்து ஜெபித்தீர்கள். நன்றி. சிலர் ஞாயிற்றுக்கிழமை விளையாடியதற்குத் தண்டனை என்றீர்கள். "முந்திச் சுகமாச்செண்டு சொன்னவன்தானே, பிறகு விசுவாசத்தை விட்டிட்டான் போல" என்று ஒரு அன்ரி வரவேற்பறையில் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

மறுபடி விளையாட வேண்டும் என்று நான் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் மறுமொழி தரவில்லை. இன்றுவரை தரவில்லை. அந்தக் கசப்பு போய்விட்டது என்று சொன்னால் அது எனது இரண்டாவது பொய்ச் சாட்சியாகிவிடும். வலது பக்கம் பார்த்தால் எனக்கு இன்னும் இரண்டாகத்தான் தெரிகிறது.

படிப்பை ஒரு வருடம் பிந்தி முடித்தேன். விளையாட ஏலாதவனாக மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத் திட்டங்களைப் படித்தேன். பழைய கோச் வேறு ஊருக்குப் போனபோது, திட்டம் முழுவதும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். பெடியள் என்னைக் கேட்டார்கள். சம்பளமில்லாத தலைமைக் கோச் ஆனேன். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளர் வேலை, மாலையில் பயிற்சி. அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, என்னைப்போல இன்னொருவன் பொய் சொன்னால், அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கண் தாரும்." ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இதைத்தான் கேட்டேன்.

போன மார்ச்சில் கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவில் இருப்போம், தோற்றால் கீழே. சாமான் ஏற்ற வர வேண்டிய வான் வரவில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவிடம் கேட்டேன். அவர் பலசரக்குக் கடைக்கு டெலிவரி ஓட்டுபவர். தன் வானின் திறப்பை எடுத்தார். வெங்காய வாசத்துக்குள் நாற்பது ஹெல்மெட்டுகள் மைதானம் வந்தன. அவர் என் ஆட்டம் ஒன்றையும் பார்த்ததில்லை. ஓரத்தில் தேத்தண்ணிப் போத்தலோடு நின்றார்.

எங்களுக்குப் பந்து எறிபவன் ஜோஷ். அவன் இல்லாமல் எங்கள் அணி இல்லை. கடைசிப் பத்து நிமிடம், மூன்று புள்ளி முன்னால் நிற்கிறோம். அவனை இருவர் சேர்ந்து இடித்தார்கள். விழுந்தான், உடனே எழும்பினான், சிரித்தான். முதலுதவிக்காரர் மறுபக்கத்தில் தோள் கழன்ற ஒருவனோடு நின்றதால் நானே கேள்விகளைக் கேட்டேன். மூன்றுக்கும் சரியான விடை. எனக்கும் அந்த விடைதான் தேவையாக இருந்தது. "போ" என்று சொல்ல வாய் திறந்தேன்.

அப்பா பின்னால் வந்து என் ஜக்கெட்டைப் பிடித்தார். "தம்பி, உந்தப் பெடியனை வெளியில எடு."

"அவன் ஓகே அப்பா. எல்லாம் சரியாச் சொல்றான்."

"நீயும் ஓகே எண்டுதானே வாசிச்சனி."

நான் திரும்பினேன். மூன்று வருடத்தில் அவர் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"வெளிச்சம் வாற பக்கம் தலையைச் சரிச்சுப் பிடிக்கிறான், பார். ஒரு கண்ணைச் சுருக்கிறான். எட்டு மாசம் இதைத்தான் நான் என்ர வீட்டில பார்த்தனான்."

பார்த்தேன். அப்படித்தான் நின்றான். அதுவரை என் கண்ணில் அது படவே இல்லை.

எங்கள் விளையாட்டில் ஒருவனை நிறுத்துவதென்றால் அவனுடைய ஹெல்மெட்டைப் பறித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் தப்பும் நேரத்தில் ஓடிப் போய்விடுவான். நான் பறித்தேன். ஜோஷ் எல்லோரும் கேட்கக் கத்தினான். "உன்னால் விளையாட முடியாது என்பதற்காக என்னையும் கெடுக்கிறாயா?" என் பெடியள் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. அப்பா அந்த ஹெல்மெட்டை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

தோற்றோம். கீழே இறங்கினோம். விசில் அடித்துச் சிறிது நேரத்தில் ஜோஷ் வாந்தி எடுத்தான். அம்புலன்ஸ் வந்தது. ஸ்கேனில் இரத்தக் கசிவு இருந்தது. இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர்மார் அவனுடைய தாயிடம் சொன்னார்கள். அந்தத் தாய் எனக்குப் போன் எடுத்து அதைச் சொன்னார்.

பாதிப் பேர் அணியை விட்டுப் போனார்கள். ஜோஷ் இன்றும் என்னோடு பேசுவதில்லை. படிக்கிறான், நடக்கிறான், என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறுகிறான். மாறுவதற்கு அவன் இருக்கிறான். அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். கண் கேட்டேன். வாசிக்கத் தெரியாத என் அப்பாவின் கண்ணைத் தந்தார். நான் அந்த மனிதரைத்தான் ஏமாற்றியிருந்தேன்.

உங்களில் யாராவது வராத சுகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு திரிகிறீர்களா? இந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான் அப்படி என்று நான் நம்பவில்லை. ஆண்டவரிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். அவர் நீங்கள் கேட்டதைத் தராமல் விடலாம். எனக்குத் தரவில்லை. ஆனால் பொய்யை விட்ட பிறகுதான் அவர் தந்தது எனக்குத் தெரிந்தது.

போன மாதம் கிளினிக்கிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அப்பா அதை டூட்டிங்குக்குக் கொண்டு போகவில்லை. மேசையில் என் முன்னால் வைத்து, "வாசி" என்றார். ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். வலது கண் இதற்கு மேல் தேறாது என்ற வரியையும் வாசித்தேன். அம்மா அழுதார். அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

எப்படியும் அதை மச்சாளிடமும் கொண்டுபோய்க் காட்டுவார். காட்டட்டும். அதில் இருந்ததைத்தான் வாசித்தேன்.