அப்பளத்துக்குக் காவல்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஓர் அம்மாளைக் கடந்த பங்குனியில் சந்தித்தேன். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். மலிவான பாகங்களை வாங்கி, சக்கரம் வைத்த ரோபோ ஒன்றைத் தாமே பூட்டி, மொட்டைமாடியில் காவலுக்கு விட்டிருந்தார். மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய அப்பளம் அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

காக்கை இறங்கியதும் ரோபோ கத்திக்கொண்டு பாய்ந்தது. காக்கை பறந்துவிட்டது; அப்பளங்கள் சக்கரத்தில் நொறுங்கின.

"காக்கா ஒண்ணைத்தான் கொத்தும் மதினி. இது வரிசையவே ஒடைச்சிட்டுல்லா!" என்று கூட இருந்த அவர் நாத்தனார் சிரித்தார்.

"காக்காயத் திருத்த முடியுமா? இதைத் திருத்தலாம்லா" என்று அம்மாள் சக்கரங்களைக் கழற்றினார்.

நின்ற இடத்திலிருந்து கத்தியே அது மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டது.

மாலையில் அப்பளங்களை அள்ளியதும் சக்கரங்களைத் திரும்ப மாட்டினார். வெற்று மாடியில் அது நாத்தனாரைத் துரத்தியது. அறுபது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.