குறட்டை நின்ற பகல்

ஓர் ஊரில் தங்காமல் கிடைத்த வேலையைச் செய்து திரிபவன் நான். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதுகுவலி விட்டபாடில்லை. வெறும் தரையில் மல்லாந்து படுத்தால் சரியாகும் என்பது மூட்டைக்காரர்களின் வைத்தியம். மருந்துக் கடையில் வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் மடித்துத் தருவார்கள். ராத்திரி லோடு முடிந்ததும் இரண்டையும் விழுங்கிவிட்டுப் பகலில் படுப்பேன். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராது. அதுவும் வலியால்தான் என்று மாத்திரையைக் கூட்டினேன்.

மூட்டைக்காரர்கள் சேர்ந்து தங்கியிருந்த அறையில் என் குறட்டையைத் திட்டாதவர் இல்லை. ஒரு பகலில் பக்கத்தில் படுத்திருந்த ஏகாம்பரம் என்னை உதைத்து எழுப்பினான். மூச்சுக்குத் திணறிக்கொண்டே எழுந்தேன்.

"எதுக்குடா உதைக்கிறே?"

"குறட்டை நின்னுச்சு, அப்பாடான்னு திரும்பினேன். பார்த்தா மூச்சே இல்ல, உதடு நீலமா கீது. பொணத்தோட இன்னா பண்றதுன்னு பயந்துபூட்டேம்பா!"

அன்றே சென்னைக்கு பஸ் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மல்லாந்து படுப்பதும் தூக்க மாத்திரையும் சேர்ந்து தூக்கத்தில் என் தொண்டையை அடைத்திருக்கின்றன, தீராத அசதியும் அதனால்தான் என்றார் டாக்டர்.

வலி இன்னும் இருக்கிறது. இப்போது முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய போர்வையை வைத்து ஒருக்களித்துப் படுக்கிறேன். டாக்டரிடம் மூச்சடைப்பைச் சொல்லாமல் எந்த வலி மருந்தும் வாங்குவதில்லை. எந்த ஊரில் பாய் விரித்தாலும் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன்: "குறட்டை விட்டா திட்டிக்கோ. நின்னா உதை."