ஒன்பது ஐம்பத்திரண்டு மணிக்கு எடுத்த படம்

இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். பேய், ஆவி, நடக்கப்போவது முன்கூட்டியே தெரிவது, எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. தினமும் நாளும் மணியும் போட்டுக் குறிப்பேடு எழுதுகிறவன் நான். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்பதுகூட அதில் இருக்கும். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது.

ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் துறையில் இருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்களுக்காக வெளியூர்ப் பேராசிரியர்களை வரவழைத்து உரை நடத்துவது என் பொறுப்பு. பாடம் கோட்பாட்டுக் கணினியியல், அதனால் கூட்டம் வராது, ஒன்பது பேர் வந்தாலே பெரிது. அந்த ஒன்பது பேரில் ஒருவர் சத்யா. குறிப்பிட்ட ஒரு கணக்கை எந்தக் கணினியாலும் வேகமாகத் தீர்க்க முடியாது என்று நிரூபிப்பதுதான் அவருடைய ஆய்வு. ஆறு வருடமாகிவிட்டது. நிரூபணத்தின் நடுவில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் அடைபடவில்லை. தை மாதத்துக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

"எங்க ஊட்டுக்காரரு கேக்கறாருங்க சார், 'முடியாதுன்னு சொல்றதுக்கு ஆறு வருசமா? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே'ன்னு" என்று சத்யா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு வர வரக் குறைந்துகொண்டே வந்தது.

அது கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. சேலம் சூரமங்கலத்தில் விடுதியில் தங்கியிருந்த பேராசிரியரை நானே போய் அழைத்து வந்தேன். எங்கள் கல்லூரிகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எந்த உரை நடந்தாலும் ஜியோடேக் படம் எடுத்து அறிக்கையோடு வைக்க வேண்டும். இடமும் நேரமும் படத்தின் அடியில் தானாகப் பதிந்துவிடும். உரை முடிந்த பிறகு ஆளைப் பிடிக்க முடியாது என்பதால், தொடங்குவதற்கு முன்பே விருந்தினரைப் பலகை ஓரமாக நிறுத்தி, பாடம் நடப்பது போலவே எடுத்து வைத்துவிடுவோம்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!" என்றார் பேராசிரியர்.

"அதனால என்னங்க சார், சாக்பீஸைப் புடிச்சுக்கிட்டு இப்படித் திரும்பி நில்லுங்க, போதும்" என்றேன். முன்வரிசையில் சத்யாவும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

பலகையை அன்று ஈரத்துணி போட்டுத் துடைத்தவன் நான். ஒரு கோடுகூட அதில் இல்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். படத்தில் நேரம் பதிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், ஒன்பது ஐம்பத்திரண்டு. போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உரை நன்றாகவே போனது. கடைசியில் சத்யா தன் சிக்கலைச் சொன்னார். பேராசிரியர் ஒரு மணி நேரம் பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார், அந்த இடம் அவருக்கும் பிடிபடவில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மூன்று மணிக்குத் துறை அறையில் அறிக்கை தயார் செய்ய அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாகத் திறந்தேன். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்த சத்யா என் முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார்.

படத்தில் பலகை நிறைய எழுதியிருந்தது. ஐந்து வரிகள்.

"சார், இது என் எழுத்துங்க."

"எப்பம்மா எழுதினே?"

"எழுதவே இல்லீங்க சார்."

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளை இழுத்துப்போட்டு வரி வரியாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. மூன்று ஐம்பதுக்குத் தலையைத் தூக்கினார், கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "அடைஞ்சிருச்சுங்க சார்."

பேராசிரியருக்குப் போன் போட்டேன். ரயிலுக்குக் காத்திருந்தவர், பலகை வெறுமையாகத்தான் இருந்தது என்று அடித்துச் சொன்னார். சத்யா அனுப்பிய நிரூபணத்தை மறுநாள் பார்த்துவிட்டு, முழுக்கச் சரி என்று எழுதினார். புகைப்படக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன், யாரும் கை வைத்த மாதிரி தெரியவில்லை என்றார். தை பிறப்பதற்கு முன்பே சத்யா சுருக்கத்தைக் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். நானும் அதோடு மறந்துவிடத்தான் நினைத்தேன்.

சரியாக முப்பத்தாறு வாரம் கழித்து, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, அதே அறையில் சத்யாவுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "அந்த நடுப்பகுதியை மட்டும் எழுதிக் காட்டுங்கள்" என்றார். சத்யா தாளைப் பார்க்காமலே எழுதினார். மூன்றாம் வரியில் ஒரு எழுத்து தப்பாகிப்போய் அடித்துத் திருத்தினார், ஐந்தாம் வரிக்கு இடம் போதாமல் ஓரத்தில் கீழே வளைத்தார். வழக்கம்போல நான் படம் எடுத்தேன்.

சாயங்காலம், முனைவராகிவிட்ட சத்யா லட்டு டப்பாவோடு வந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பலகை மாறவே இல்லை. அதே அடித்தல், அதே வளைவு, சாக்பீஸ் முறிந்து விழுந்த புள்ளிகூட அதே இடத்தில்.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "அப்ப இதை யோசிச்சது யாருங்க சார்?"

"நீதாம்மா."

"நான் படத்தைப் பார்த்துத்தானுங்க எழுதிக்கிட்டேன்."

சத்யா ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கதவருகில் போனவர் திரும்பி, "இன்னைக்கு நான் எழுதாம, வாயாலயே சொல்லி முடிச்சிருந்தா?" என்றார். அவரே சிரித்துவிட்டு, "உடுங்க சார், அதான் எழுதிட்டனே" என்று போய்விட்டார்.

இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார், நன்றாக இருக்கிறார். நான்தான் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கார்த்திகை மாதத்துப் படத்தைத் திறந்து வரிகளை எண்ணிப் பார்க்கிறேன். ஐந்தும் இருக்கும், குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவேன். போன வாரம் படம் திறக்கக் கொஞ்சம் தாமதமானது. முதலில் பேராசிரியர் வந்தார், கையில் சாக்பீஸ் வந்தது, பின்னால் பலகையும் வந்தது. வரிகள் வருவதற்கு முன் மூன்று நான்கு நொடி, அது நான் துடைத்து வைத்த மாதிரியே வெறுமையாக இருந்தது.