ஊசி கோக்கும் கூரை

எங்கள் தெருத் தையல்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருடமாக மிஷினை அடுக்களை மூலையில் போட்டுத் தைத்ததில்தான் பார்வை மங்கியது என்று, வீட்டுக்குப் பின்னால் வெளிச்சமாக ஓர் அறை கட்டித் தரச் சொல்லிப் புருஷனை அரித்தெடுத்தார்.

அவரும் கடை கடையாக ஏறி இறங்கி, வெளிச்சம் விடும் கூரைக்கு மூன்று மாதிரித் துண்டுகளோடு வந்தார்.

"ஃபைபர் ஷீட் மலிவு, ஆனா சீக்கிரம் மஞ்சளா பழுத்துடும். பாலிகார்பனேட் ரெண்டு மடங்கு, மழை பெஞ்சா தடதடங்கும். கண்ணாடி நாலு மடங்கு. உன் வளையலை வித்தாத்தான் முடியும்."

"வித்துத் தொலைங்க. எதுக்குக் கீழ ஊசி கோக்க முடியுதோ, அதுதான் கூரை."

உச்சி வெயிலில் கொல்லையில் முக்காலி போட்டுத் தையல்காரம்மா உட்கார்ந்தார். புருஷன் ஒவ்வொரு துண்டாகத் தலைக்கு மேல் பிடித்தார். ஃபைபருக்குக் கீழே நூல் ஊசிக் காதைத் தாண்டிப் போயிற்று. பாலிகார்பனேட்டுக்குக் கீழேயும் அப்படித்தான். கண்ணாடிக்கு வந்தபோது அம்மா நூலை நாக்கில் நனைத்து முறுக்கி, குனிந்த தலை நிமிராமல் ஏழெட்டுத் தடவை முயன்றார்.

"இதுவும் மட்டமான சரக்கு. நல்லா ஏமாத்தி அனுப்பியிருக்கான் உங்களை. இதைவிட ஒசத்தியா வாங்கிட்டு வாங்க!"

கை கடுத்துப்போய்க் கண்ணாடியைப் புருஷன் எப்போதோ சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். அம்மாவின் தலைக்கு மேல் வெறும் வானம்தான் இருந்தது.