மதனின் லாரிக்கு ஒரு வசனம்

லாரி பட்டறை வாசலில் திரும்பும்போதே அன்பரசுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தார். எழுந்த பிறகு எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அது மதன் ஓட்டிய வண்டி. கேபினுக்கு மேலே நெற்றிப் பலகையில், எந்தத் தீங்கும் உன்னை அண்டாது என்று பொருள்படும் ஒரு பைபிள் வசனம், மஞ்சள் எழுத்தில். எழுதியது அவர். ஓட்டியது அவர் மகன். மகன் இப்போது இல்லை. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

நாமக்கல் பட்டறைகளில் லாரிக்கு எழுத்து எழுதுவது அன்பரசுவின் தொழில். வருடாந்தரத் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் காட்டுவதற்கு முன்னால் வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, கடைசியில் அவரிடம் விடுவார்கள். முருகனோ, மாரியம்மனோ, பிறையோ, சிலுவையோ, கேட்டதை எழுதிக் கொடுப்பார். "எல்லாச் சாமிகிட்டயும் உங்களுக்குப் பழக்கம் இருக்குது, ஒருத்தராச்சும் ஒரு நாளு லீவு வாங்கித் தரமாட்டேங்கறாங்களேண்ணா" என்று வெல்டர்கள் கிண்டலடிப்பார்கள். முன்பெல்லாம் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவரும் மனைவி வசந்தாமணியும் கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கியது, மதன் சின்ன வயதில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த போதகர் ஜீவா இவர்கள் பிள்ளைக்காகவும் முழங்காலில் நின்றார். பிள்ளை பிழைத்தான். அதனால் நம்பினார்கள். அந்த 'அதனால்' எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அட்டையில் வரும் வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவருக்குச் சொன்னது. போன வருடம் மதனுக்கு வந்தது இந்த வசனம்தான். அப்போதுதான் குழந்தைவேல் என்பவரின் முட்டை லாரியில் டிரைவராகச் சேர்ந்திருந்தான். வண்டி எஃப்.சி.க்கு வந்தபோது, "என் அட்டையையே நெத்தியில எழுதிருங்கப்பா" என்றான். முதலாளி குழந்தைவேல், விபூதி கலையாத நெற்றியைச் சொறிந்துகொண்டு, "ஓட்டறவனுக்குத் தைரியமா இருந்தாச் சரிதானுங்க" என்று சம்மதித்தார்.

ஆவணியில், நாக்பூருக்கு இந்தப் பக்கம், சாலையோரம் வண்டியை நிறுத்தி டயர் மாற்றிக்கொண்டிருந்தவன் மேல் பின்னால் வந்த ஒரு வண்டி ஏறியது. நின்ற லாரியின் பின்பக்க டேஞ்சர் லைட் எரியவில்லை என்று சொன்னார்கள்.

எரியவில்லை என்பது அன்பரசுக்கு முன்பே தெரியும். கிளம்பிய அன்று துணிப்பையை எடுக்க வீட்டுக்கு வந்த மதன், "பின்னால லைட்டு மினுக்க மாட்டேங்குதுப்பா. எலெக்ட்ரீசியன் நாளைக்குத்தான் வருவாராம். நாளைக்கே கெளம்பட்டுமா?" என்று கேட்டான். "நெத்தியிலயே எழுதியிருக்குது, அப்பறம் என்ன லைட்டு? போயிட்டு வா சாமி" என்றார் இவர். பக்கத்தில் நின்ற வசந்தாமணியும் சேர்ந்து, மூன்று பேருமே சிரித்தார்கள்.

அதன்பின் அன்பரசுவால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. சபையில் பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே வந்து, செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பார். இந்தப் புத்தாண்டில் அவர் அட்டை எடுக்கவில்லை.

லாரி வந்த அன்றே குழந்தைவேலும் பட்டறைக்கு வந்தார். பைக்கிலிருந்து இறங்காமலேயே பேசினார்.

"அண்ணா, மனசுக்குச் சங்கடமா இருந்தா வேற ஆள வெச்சு எழுதிக்கறனுங்க."

"வேண்டாங்க. நானே எழுதறேன்."

"அப்ப என்ன எழுதறதுன்னு நீங்களே பாத்துக்கங்க. பழசே இருந்தாலுஞ் சரி, வெறும் பலகையா உட்டாலுஞ் சரி. வெள்ளிக்கெழம வண்டி எஃப்.சி.க்கு நிக்கோணும், அவ்வளவுதான்."

அன்பரசு உப்புத்தாளை எடுத்துப் பலகையைத் தேய்த்தார். எழுத்துகள் மஞ்சள் தூளாக உதிர்ந்து முழங்கை வரை ஒட்டின. அழிப்பது சுலபமாக இருந்தது. அழித்த இடத்தில் சிவப்பு அடித்துக் காயவைத்த பிறகுதான் கை ஓடவில்லை. பழையதை எழுதினால் பொய். வெறுமையாக விட்டால், மகன் கேட்டு வாங்கிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டதாகும். ஏணியில் ஏறினார், இறங்கினார். டீ வாங்கிப் பாதியில் வைத்தார். தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஜேடர்பாளையம் வரை போய், காவிரித் தடுப்பணையில் விழும் தண்ணீரைப் பார்த்தார். அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. திரும்பி வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, சோத்து நேரத்துல எங்க போனீங்க? பட்டறையிலருந்து போன் மேல போன் வருது" என்றாள் வசந்தாமணி.

"ஜேடர்பாளையம்."

"மீன் வாங்கவா?"

"சும்மா."

"சும்மா போறதுக்கு அவ்வளவு தூரம் பெட்ரோல் ஊத்தோணுமாக்கும். நின்னுட்டே திங்காதீங்க, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கும் சன்னலுக்கும் நடந்தார்.

"பொய்யி வசந்தா. அந்த வசனம் பொய்யி. நீ இன்னும் அங்க போயிக் கும்பிட்டுட்டு இருக்கற."

"நான் கும்பிடத்தான் போறன்னு யாரு சொன்னா?" அவள் குரல் உயர்ந்தது. "சண்ட போடப் போறேன். தெனமும் அந்த வசனம் வர்ற சங்கீதப் பாட்ட எடுத்து வெச்சுட்டு, இதுக்கு என்ன பதிலுன்னு கேக்கறேன். உங்களாட்டம் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கல."

அன்பரசு நின்றார்.

"அட்டையில இருந்தது ஒத்த வரி. முழுசும் படிச்சனுங்க. பிசாசு இயேசுவக் கோயில் உச்சியில நிறுத்தி, தூதருங்க தாங்கிக்குவாங்க, குதின்னுச்சல்ல? அது காட்டுன வசனம் இதே பாட்டுல, நம்ம வரிக்கு அடுத்தாப்லதான் இருக்குது. அவரு குதிக்கல."

அவர் தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார். பிறகு, "நான் எம்பையனக் குதிக்கச் சொன்னேன்" என்றார்.

"நானுந்தான் பக்கத்துல நின்னு சிரிச்சேன்."

தட்டைக் கீழே வைத்தார். அவள் அதைத் தள்ளி வைக்கவும் இல்லை, சாப்பிடச் சொல்லவும் இல்லை.

"அதே பாட்டுல கடேசியில, இக்கட்டுல அவங்கூட இருப்பேன்னு வருது" என்றாள் மெதுவாக. "இக்கட்டே வராதுன்னா அந்த வரி எதுக்குங்க?"

"கூட இருந்து என்ன பண்ணுனாரு?"

"தெரியலீங்க. போதகரக் கேட்டேன், அவரும் தெரியலம்மான்னுதான் சொன்னாரு. ஆனா இயேசுவும் ரோட்டோரத்துல, ஊருக்கு வெளியே, நாலு பேரு பாக்கச் செத்தவருதான? எம்புள்ள கெடந்த எடத்துல அவனுக்குப் பக்கத்துல வேற யாரால உக்காந்திருக்க முடியும்? எனக்கு அது ஒண்ணு போதும். போதலன்னாலும் என்ர கையில அது ஒண்ணுதான் இருக்குது."

இதைப் பெரிய ஆறுதல் என்று சொல்லிவிட முடியாது. காரணம் தெரியவில்லை, இழந்தது திரும்பவில்லை. ஆனால் அதுவரை அன்பரசு தன் மகனை அந்தச் சாலையில் தனியாகக் கிடப்பவனாகவே நினைத்து வந்தார். ஒவ்வொரு முறை நினைவு அங்கே போகும்போதும் யாருமில்லாத இருட்டைக் கண்டு ஓடிவந்தார். அவர் ஓடிய ஓட்டமெல்லாம் அதிலிருந்துதான். அன்று முதல்முறையாக, அங்கே இன்னொருவரும் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தார். காயம்பட்ட கைகளோடு, ஒன்றும் பேசாமல். நினைவு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் காலை ஏணியில் ஏறிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். வண்டிக்கு இப்போதிருக்கும் டிரைவர், நரை விழுந்த ஆள், அண்ணாந்து பார்த்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இக்கட்டிலும் கூட இருப்பவர்.'

"ஏனுங்கண்ணா, நெத்தியிலயே இக்கட்டுன்னு எழுதறீங்க? எதுத்தாப்ல வாரவன் பயந்து ஒதுங்கிருவான் போங்க."

"ஒதுங்குனா நல்லதுதானுங்க" என்றார் அன்பரசு. தன் வாயிலிருந்து கேலி வந்ததில் அவருக்கே வியப்பாக இருந்தது.

ஒவ்வொரு எழுத்தாக நிரப்பும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது. ஸ்தோத்திரம் எதுவும் வரவில்லை. அவங்கூட இருந்தீங்களா, இருந்தீங்களா என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஆண்டவரிடம் பேசியது அதுதான்.

குழந்தைவேல் வந்து பார்த்தார். "மங்களகரமா இல்லீங்களேண்ணா" என்று இழுத்தார். அன்பரசு ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்தார்.

"அது கெடக்கட்டுமுங்க. பின்னால லைட்டு?"

"போன மாசமே பாத்தாச்சுங்க."

"நான் பாக்கோணும்."

டிரைவர் கேபினில் ஏறி சுவிட்சைப் போட்டார். அன்பரசு லாரியின் பின்னால் போய் நின்றார். இடது பக்கம் மினுக்கியது. வலது பக்கம் எரியவில்லை.

"எலெக்ட்ரீசியன வரச் சொல்லுங்க" என்று கத்தினார். "இது எரியாம வண்டி பட்டறைய உட்டு நகராது!" குழந்தைவேல் போனை எடுத்தார்.

எலெக்ட்ரீசியன் வந்து, ஒயரை மாற்றி, இரண்டு பக்கமும் சேர்ந்து மினுக்கும் வரை அவர் அங்கேயே நின்றார். "போதுமாண்ணா?" என்று டிரைவர் கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணியோடு சபைக்குப் போனார். கதவை ஒட்டித்தான் உட்கார்ந்தார். பிரசங்கத்தின் நடுவே ஒருமுறை செருப்புகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்து போகவில்லை.